வராத கிட்னிக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

மகனே,

கர்த்தருக்குள் பிரியமானவனே என்று தொடங்கினால், அப்பா பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார் என்று நீ அடுத்த வரிக்கே வரமாட்டாய். அதனால் வெறும் மகனே. போனில் பேசிப் பார்த்தேன். "மீட்டிங்ல இருக்கேம்ப்பா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. இது கூரியரில் உன் புனே விலாசத்துக்கு வரும். ஒரு நகல் நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் போகிறது. எல்லாரும் படிக்கட்டும். நம் ஊர் காக்ஸ் டவுனில் நீ எந்தத் தெருவில் நடந்தாலும் இனி யாராவது வண்டியை ஓரங்கட்டி உன்னை விசாரிப்பார்கள். வேண்டுமென்றேதான் இதைச் செய்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். போன வாரம் நீ போன் செய்து, "அம்மாவுக்கு முதல்ல கிட்னி கிடைக்கட்டும்ப்பா. அப்புறம் கல்யாணத்தை வச்சுக்கலாம். வாரத்துல மூணு நாள் அவங்க டயாலிசிஸ்ல படுத்திருக்கும்போது நான் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கேக் வெட்டணுமா?" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தினீங்களே, அதெல்லாம் நடிப்புப்பா" என்றும் சொன்னாய். உன் அம்மாவிடம் இதை நான் அப்போதே சொல்லவில்லை. அவள் கத்தியும் கையுமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்து, கத்தி கழுவி வைக்கப்பட்ட பிறகு சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் அந்தக் கூட்டம். நீ அங்கே இல்லை, எனக்குச் சங்கடமாக இருந்ததால் நானும் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை.

அவளுடைய கிட்னி இரண்டும் வேலையை நிறுத்தியபோது நீ ஓடி வந்தாய். உன் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் பார்த்தார்கள். நமக்கு ஏ, அவளுக்கு ஓ. "இதுலயும் அப்பனும் புள்ளையும் ஒரே கட்சி" என்றாள். அவள் பக்கத்து உறவில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு பிரஷர், மற்றவர்களுக்கு மனைவிமார். ஆகவே, இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுக்கும் கிட்னிக்காகப் பெயரைப் பதிந்துவிட்டு நாங்களும் வரிசையில் நின்றோம். நீ புனேக்குத் திரும்பிப் போனாய். அதன் பிறகு ஆறுதல் சொல்ல வந்த சபையாரைச் சமாளித்தவன் நான்.

சபையார் அன்பில் குறை வைக்கவில்லை. டயாலிசிஸ் நோயாளி வாழைப்பழம் தொடக்கூடாது, ஆரஞ்சு கூடாது, இளநீர் கூடவே கூடாது. வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர். அவளுக்கு அது ஆகாது, எனக்குச் சர்க்கரை. அந்த வருஷம் எதிர்வீட்டுக்காரர்கள்தான் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ஆலிஸ் அக்காவை உனக்குத் தெரியுமே, அவர் வந்து உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாச்சும் இருக்கான்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா" என்றார். உன் அம்மா கண்ணை மூடி யோசித்தாள். "ஒண்ணு இருக்குக்கா. கிறிஸ்துமஸுக்கு நீங்க குடுத்த கேக் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆலிஸ் அக்கா கோபித்துக்கொண்டு நிற்கவில்லை. மறுவாரமே வந்தார். இன்றுவரை, எனக்குக் கால்வலி என்றால் உன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் உட்காருகிறவர் அவர்தான்.

இப்படி இரண்டு வருஷம். ஒரு வியாழக்கிழமை காலை, உன் அம்மா மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள்: ஒரு கிட்னி வந்திருக்கிறது, இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம், டெஸ்ட் பார்த்துவிட்டு யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு, சாப்பிடாமல் வாருங்கள். இதில் என் காதில் விழுந்தது கிட்னி என்கிற ஒரு வார்த்தைதான். உன் அம்மா பையில் துணி எடுத்து வைப்பதற்குள் நான் சபை வாட்ஸ்அப் குரூப்பில், கர்த்தர் அற்புதம் செய்தார், கிட்னி கிடைத்துவிட்டது என்று போட்டுவிட்டேன். கூப்பிய கைகளாக வந்து விழுந்தன. எங்கள் ஆட்டோ அல்சூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் ஆலிஸ் அக்கா குரூப்பில் அறிவித்துவிட்டார்: விசுவாசத்தோடு முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், சனிக்கிழமை மாலை இவர்கள் வீட்டில் கூட்டம், முடிவில் மட்டன் பிரியாணி. நம் வீட்டில் விருந்து என்று எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களுக்கு முன்னாலேயே ஒருவன் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். முருகேசன். ஈஜிபுராவில் குடியிருக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறவன், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். நோயில் முகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. மனைவி பெயர் செல்வி. கூப்பிட்ட இரண்டு பேரில் இன்னொருவன் இவன்தான் என்று எனக்கு விளங்கியதும், அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மா நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "மீன் குழம்பை அப்படியே அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன்ப்பா, அடுப்பை அணைச்சேனான்னு தெரியலை" என்றாள். "யம்மா, சாப்பாட்டுப் பேச்சை எடுக்காதீங்க, காலைலேர்ந்து பட்டினி" என்றான் அவன். பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். கிட்னி கிடைத்தால் முதலில் என்ன சாப்பிடுவது என்று பெரிய விவாதம். கடைசியில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: சாப்பாடு கிடக்கட்டும், தண்ணீர். டயாலிசிஸ்காரர்கள் தண்ணீரையும் அளந்துதானே குடிக்க வேண்டும். அளக்காமல், பயப்படாமல், ஒரு சொம்பு தண்ணீர். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா ஒருத்தி வழக்கமான குசலமாக, "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டு போனாள். சாப்பிட்டாயிற்றா என்று இந்த இரண்டு பேரைப் பார்த்துக் கேட்டால்! இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

நான் ஒரு மூலையில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். என்ன ஜெபம் என்று உனக்கு மறைக்காமல் சொல்கிறேன். ஆண்டவரே, அவனுக்குப் பொருந்தக் கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மனதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டே முனகியிருக்கிறேன் போலிருக்கிறது. உன் அம்மா வந்து என் காலை மிதித்தாள். "வாயை மூடுங்க. அந்தப் பொண்ணு காதுல விழுது" என்றாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளும் அதையே வேறு சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா?

சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார். முருகேசனுக்குத்தான் பொருந்தியது. இறந்தவருடைய இன்னொரு கிட்னி அப்போதே வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாம். செல்வி அழுதுகொண்டே உன் அம்மாவின் காலில் விழப் போனாள், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல். உன் அம்மா அவளைப் பிடித்து நிறுத்தினாள். முருகேசன் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, "போய்ட்டு வாப்பா. தண்ணி குடிக்கலாம்னு டாக்டர் சொன்னதும் எனக்கும் சேத்து ஒரு சொம்பு குடி" என்றாள். அவன் சரிம்மா என்று சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு உள்ளே போனான். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்தோம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள், ஆனால் ஜன்னலைச் சாத்தவில்லை. பூனை குழம்பை உருட்டிவிட்டு மீனை எடுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் உட்கார்ந்து அழுதாள். கிட்னி போனதற்கு அழாதவள் மீனுக்கு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, சட்டியைத் தேய்த்துக்கொண்டே ஆண்டவரோடு சண்டைக்கு நின்றாள். "அந்தப் பையனுக்குக் குடுத்தீர், சரி, சின்ன வயசு. எனக்கும் ஒண்ணு குடுத்தா குறைஞ்சா போயிடுவீர்? போதாக்குறைக்கு பூனையை வேற அனுப்புறீர்!" நான் அவளை அடக்கவில்லை. அவள் சொன்னதற்கெல்லாம் உள்ளுக்குள் ஆமென் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில்தான் சனிக்கிழமைக் கூட்டம் எங்கள் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிரியாணி பாய்க்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். "அரே சார், மட்டன் சொல்லியாச்சு, தேக்சா கழுவியாச்சு, இப்ப வந்து ஏன் சார்?" என்றார். ஆலிஸ் அக்காவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார், அழுகை நின்றதும், மண்டபத்து நாற்காலியெல்லாம் கிளம்பிவிட்டது என்றார். உனக்குப் போன் செய்தேன். "கேன்சல் பண்ணுங்கப்பா, அசிங்கமா இருக்கு" என்றாய். நானும் அதைத்தான் நினைத்தேன். உன் அம்மா அன்று டயாலிசிஸ் முடிந்து வந்து, படுக்கையில் கண்ணை மூடியபடியே, "கூட்டம் நடக்கட்டும். ஸ்தோத்திரம் சொல்ல ஆள் வேணும்னா நான் சொல்றேன்" என்றாள். நோயாளியோடு வாதாட முடியுமா? உன் அம்மாவோடு எந்தக் காலத்திலும் முடியாது என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் உள்ளே நுழையும்போதே அல்லேலூயா என்றார்கள். தெரிந்தவர்கள் அவர்கள் விலாவில் இடித்தார்கள். சபைப் போதகர் ஐயர் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. சிஸ்டர் சாட்சி சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

உன் அம்மா எழுந்தாள். "எனக்குக் கிட்னி கிடைக்கலை. இவரு அவசரப்பட்டு குரூப்புல போட்டுட்டாரு. நீங்க யாரும் அவரை ஒண்ணும் கேக்க வேணாம், நான் நல்லாவே கேட்டுட்டேன்" என்றாள். சிரித்தார்கள். "ஆண்டவர் மேல எனக்குக் கோவம் இருக்கு, அது இன்னும் தீரலை. ஐயர் தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. நாப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேன், கோவத்தோட சோறு போடவும் தெரியும், கோவத்தோட நன்றி சொல்லவும் தெரியும்" என்றாள். "நேத்து அந்த முருகேசன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணா. 'யம்மா, அவரு ஒண்ணுக்குப் போயிட்டாரும்மா'ன்னு அழுவுறா. மூணு வருஷத்துக்கு அப்புறம்! நாம எல்லாரும் தினம் போறோமே, யாராச்சும் அதுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கோமா?" என்றாள். இப்போது வீடே சிரிப்பில் ஆடியது. ஐயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். "ரெண்டு வருஷமா நீங்க எல்லாரும் எனக்காக ஜெபம் பண்றீங்க. கிட்னி குடும், கிட்னி குடும்னு நானும் கேட்டேன். அந்த பெஞ்சுல உக்காந்திருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. அது எங்கேர்ந்து வரும்? எங்கயோ ஒரு வீட்ல ஒருத்தர் போனாத்தானே வரும்? வியாழக்கிழமை ஒரு வீட்ல போயிருக்காங்க. ஆம்பளையா பொம்பளையா தெரியாது, பேரு தெரியாது. அந்த வீட்ல யாரோ அழுதுக்கிட்டே சரின்னு தலையாட்டியிருக்காங்க. முதல்ல அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க. அப்புறம் முருகேசனுக்கு. அப்புறம் நேரம் இருந்தா எனக்கு. சுருக்கமா பண்ணுங்க, பிரியாணி ஆறிடும்." அவ்வளவுதான் சொன்னாள். ஆலிஸ் அக்காதான் முதலில் முழங்கால் போட்டார், அந்த முட்டிவலியோடு. அவனுக்குப் பொருந்தக் கூடாது என்று கேட்ட நானும் முழங்கால் போட்டேன். வெட்கமாக இருந்தது, மகனே. அவளைக் கட்டிக்கொண்டதற்குப் பெருமையாகவும் இருந்தது.

இதையா நடிப்பு என்றாய்? உன் அம்மாவுக்கு நடிக்க வரவே வராது. கல்யாணமான புதிதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக வேஷம் கட்டி, சேலையை மிதித்த யோசேப்பை மேடையிலேயே, "கண்ணு எங்க வச்சிருக்க?" என்று கேட்டவள் அவள். அதற்குப் பிறகு அவளை யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை.

முருகேசன் கதையையும் கேட்டுக்கொள். அவன் நன்றாக இருக்கிறான். உன் அம்மா வாரம் தவறாமல் போன் போட்டு, "நம்ம கிட்னி எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறாள். ரோட்டுக் கடையில் போண்டா தின்றான் என்று செல்வி போட்டுக்கொடுத்த அன்று அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அது எனக்கு வர வேண்டியதுடா. ஒழுங்கா வச்சுக்கிட்டா வச்சுக்கோ, இல்லன்னா எடுத்துக் குடு" என்று கத்தினாள். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறானா என்று கேட்கிறாள். நாலு டம்ளர் தண்ணி குடிச்சேம்மா என்று அவன் சொன்னால், போனை வைத்துவிட்டு, தன் பங்குத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். எப்படி அவளால் முடிகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சில நாள் முடியாது. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், நானும் எதுவும் கேட்கமாட்டேன்.

இப்போது உன் விஷயம். காரியம் முடிந்த பிறகு சொல்வதுதான் ஸ்தோத்திரம் என்று நானும் நினைத்திருந்தேன். கிட்னி வரட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்று நீ சொல்வதும் அதேதான். வராவிட்டால்? எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வராமலும் போகலாம். டாக்டர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் உடம்பு போன வருஷம் இருந்த மாதிரி இப்போது இல்லை. நீ மாலையும் கழுத்துமாக நிற்பதை அவள் பார்க்க வேண்டும். அதை அவள் இருக்கும்போதுதானே பார்க்க முடியும்? உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். உன் அம்மாவைப் போல ஆண்டவரிடமே நேராகப் போய்க் கத்து. ஆனால் அந்தக் கோபத்தில் சாப்பாட்டையும் பாட்டையும் கல்யாணத்தையும் நிறுத்திவைக்காதே. அவள் எதையும் நிறுத்திவைக்கவில்லை.

நீ சொன்னதை அவளிடம் சொன்னபோது என்ன சொன்னாள் என்று எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? "நான் ஒருத்தி வரிசையில நிக்கிறது போதாதா, இவன் கட்டிக்கப்போற ஷீபா பொண்ணையும் கொண்டாந்து நிக்க வைக்கணுமா? யாரு வீட்ல எழவு விழுந்தா இவன் கேக் வெட்டுவான்?" என்றாள். அப்புறம் காலண்டரை எடுத்தாள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். செவ்வாய் அவளுக்குக் களைப்பு. வியாழன்தான் தெம்பாக இருக்கிற நாள். கல்யாணத்துக்கு வியாழக்கிழமையாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஷீபாவைப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து முடித்ததும் வீட்டுக்கு வரச் சொன்னாள். "அவருக்கு என்ன சொல்றது ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அவனுக்கு அவங்கப்பா கடிதாசி எழுதுவாரு" என்றாள். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வந்தபோது நீயும் ஷீபாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஐயரிடம் அப்படியேதான் இருக்கிறது. நேற்று ஆராதனையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. ஐயர் உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாராவது தடை அறிந்திருந்தால் தெரிவிக்கலாம் என்றார். உன் அம்மா மெதுவாக எழுந்தாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பி நின்று, முன்வரிசையிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோயிலில் ஒருத்தர் இருமவில்லை. ஆலிஸ் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐயர்கூட ஓலையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தடை சொல்லக்கூடியவன் இனி நீ ஒருவன்தான். இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. சொல்வதானால் வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

அப்பா